விட்மோர் தெரியும், கிருஷ்ணசாமியைத் தெரியுமா? ரங்கூனில் கண்டுபிடித்த நோயும் விடுபட்ட பெயர்களும்

மோல்மேன் செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். உலக மருத்துவ வரலாற்றில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) பெயர் அழியாமல் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது, மெலியாய்டோசிஸ் என்கிற கிருமி நோய். முதன்முதலில் அதைக் கண்டுபிடித்து எழுதியது தாய்லாந்திலும் இல்லை, ஆஸ்திரேலியாவிலும் இல்லை, இங்கேதான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் 'விட்மோர் நோய்' என்று இருக்கும். கூட வேலை பார்த்த ஆளைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம்.

1911. கேப்டன் ஆல்ஃபிரட் விட்மோர் ரங்கூன் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயியல் டாக்டர், இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் அதிகாரி. அவருக்குக் கீழே அசிஸ்டன்ட் சர்ஜன் சி. எஸ். கிருஷ்ணசாமி. அப்போது ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள், துறைமுகத்திலும் ரைஸ் மில்லிலும் மூட்டை தூக்கப் போனது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிணவறைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் நாதியில்லாமல் தெருவில் கிடந்தவர்கள், மார்பியா என்ற போதை ஊசிப் பழக்கத்தில் எலும்பும் தோலுமாகிப் போனவர்கள். அறுத்துப் பார்த்தால் நுரையீரல் திட்டுத் திட்டாக இறுகி வெண்ணிறச் சீழ் பிடித்திருக்கிறது, கல்லீரலிலும் மண்ணீரலிலும் கட்டி. குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மாதிரியான தோற்றம். ஆனால் கிருமியை எடுத்து வளர்த்தால் கிளாண்டர்ஸ் இல்லை. இது நீந்துகிறது, அது நீந்தாது. இது வேகமாக வளர்ந்து மேலே சுருக்கம் சுருக்கமாக மடிகிறது, அது அப்படிச் செய்யாது. ஒன்றிரண்டு ஆள் என்றால் விட்டிருப்பார்கள், கொஞ்ச நாளில் 38 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

1912இல் இந்தியன் மெடிக்கல் கெஸட்டில் கட்டுரை வந்தது. ஆசிரியர் பெயர் இரண்டு: விட்மோர், கிருஷ்ணசாமி. அடுத்த வருஷம் இங்கிலாந்துப் பத்திரிகையில் விரிவான கட்டுரை. அதில் பெயர் ஒன்றுதான், விட்மோர். வெளியுலகம் படித்ததும் மேற்கோள் காட்டியதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது கட்டுரையைத்தான். கிருஷ்ணசாமி இங்கேயே இருந்து பிணங்களை அறுத்துக்கொண்டே இருந்தார். 1917இல் மார்பியா ஊசிக்காரர்களுக்கு வரும் ரத்த நச்சு பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார், இதே நோய்தான், இந்தத் தடவை இன்னும் நிறைய ஆட்கள். அதற்கப்புறம் கோலாலம்பூரில் ஸ்டாண்டன், ஃபிளெட்சர் என்று இரண்டு பேர் 1921 முதல் இதே நோயைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு இருக்கிற பெயரையும் வைத்து, 1932இல் தனிப் புத்தகமே போட்டார்கள். கிருமிக்கு விட்மோர் பெயரை வைத்தவர்களும் அவர்கள்தான். அந்தப் பெயர் நிலைக்கவில்லை, 1992இல் கிருமியை பர்க்ஹோல்டேரியா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். அந்தப் பேரினத்தின் பெயர் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கருடையது. அவர் வெங்காயம் அழுகுவதை ஆராய்ந்தவர்! வெங்காயத்துக்குக் கிடைத்த மரியாதை கிருஷ்ணசாமிக்குக் கிடைக்கவில்லை.

இந்த மாதிரி விடுபட்டவர்கள் உங்களுக்கு யார் தெரியும்? நம் ஊரோடு சம்பந்தம் இருந்தால் இன்னும் நல்லது.

பகோ பாண்டியன்

அண்ணே, இப்படி ஒரு வியாதி இருப்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இங்கேயே கண்டுபிடித்தது என்றால் நம் ஆட்கள் வாயில் ஏன் இந்தப் பெயரே வருவதில்லை?

தட்டோன் டீச்சர்

செல்வம் தம்பி, நல்ல விஷயம் எடுத்தீர்கள், ஆனால் ஒரு இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1912இல் விட்மோர் தனக்குக் கீழே இருந்தவர் பெயரைக் கட்டுரையில் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அது சாதாரணம் இல்லை. இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் அதிகாரி ஆக வேண்டுமென்றால் லண்டன் போய்ப் பரீட்சை எழுத வேண்டும், அதற்கு வசதி இல்லாத இந்தியருக்கு எவ்வளவு படித்தாலும் அசிஸ்டன்ட் சர்ஜன், சப்-அசிஸ்டன்ட் சர்ஜன், அதோடு சரி. அவர்கள் கை பட்ட வேலையெல்லாம் மேலதிகாரி பெயரில்தான் போகும். ஆகவே விட்மோரை வில்லன் ஆக்காதீர்கள். பெயரை விட்டவர்கள் பின்னால் வந்தவர்கள், கோலாலம்பூர்க்காரர்கள் முதல் நேற்றுப் பாடப்புத்தகம் எழுதினவர்கள் வரைக்கும்.

இன்னொன்று, கிருஷ்ணசாமி என்று பெயர் இருப்பதால் உடனே தஞ்சாவூர்க்காரர் ஆக்கிவிட வேண்டாம், ஆந்திராவிலும் மைசூரிலும் கிருஷ்ணசாமிகள் உண்டு. அவர் எந்த ஊராக இருந்தால் என்ன, ரங்கூனில் வேலை பார்த்தார், அது போதும்.

மோல்மேன் செல்வம்

டீச்சர் சொல்வது சரிதான், விட்மோர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே இருக்கிற பெயர் தானாகப் பெருகும், கீழே இருக்கிற பெயர் தானாகத் தேயும், யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யத் தேவையில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்றாம் வருஷ மெடிக்கல்

வரலாறெல்லாம் சுவாரசியம்தான் அண்ணே. ஆனால் இரண்டாவது ஆசிரியர் பெயர் காணாமல் போவது எல்லா நாட்டிலும் தினமும் நடக்கிறது. அதை நோண்டி எடுப்பதால் நோயாளிக்கு என்ன லாபம்? எங்களுக்குப் படிக்க வேண்டியது ஏற்கெனவே தலைக்கு மேலே இருக்கிறது. மெலியாய்டோசிஸ் எங்கள் பாடத்தில் கால் பக்கம் வந்தது, அபூர்வ நோய் என்று சொன்னார்கள், தாண்டிப் போய்விட்டோம்.

லேப் மல்லிகா, யாங்கோன்

தம்பி, நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்டாய், நான் சொல்கிறேன். நான் மைக்ரோபயாலஜி லேப்பில் பல வருஷமாக இருக்கிறேன்.

நீ சொன்ன அந்த 'அபூர்வ நோய்', 2016இல் உலகக் கணக்குப் போட்டார்கள்: வருஷத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு வருகிறது, அதில் சுமார் 89,000 பேர் சாகிறார்கள். கண்டுபிடிப்பதுதான் அபூர்வம். 1917க்கு அப்புறம் நம் நாட்டிலிருந்து இதைப் பற்றி வந்த எழுத்து ரொம்பக் குறைவு, சுதந்திரத்துக்குப் பிறகு ஏறக்குறைய மறந்தே போனார்கள். கிருமி மறக்குமா? அது மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் இருக்கிறது, வயல் சேற்றில் இருக்கிறது. கிருஷ்ணசாமி காலத்தில் மார்பியா ஊசிதான் வழி என்று சந்தேகப்பட்டார்கள். இப்போது தெரியும், மழைக் காலத்தில் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிற விவசாயிதான் முதல் ஆள், அதிலும் சர்க்கரை வியாதி இருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்துத் தாய்லாந்தில், உபோன் என்ற ஊரில், ஒரே ஆஸ்பத்திரியில் கூட்டம் கூட்டமாகக் கண்டுபிடிக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மண், அதே நெல், அதே மழை, ஆனால் நோய் மட்டும் இல்லையாம்! நாம் தேடவில்லை, அதுதான் விஷயம். இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில்தான் யாங்கோனில் மறுபடி கல்ச்சர் செய்து, அதாவது கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்த்து, கண்டுபிடித்து எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஏன் தப்பிப் போகிறது என்று லேப் மேஜையிலிருந்து சொல்கிறேன். சீழோ ரத்தமோ வரும், பிளட் அகாரில், அதாவது கிருமி வளர்க்கிற ரத்தம் கலந்த தட்டில், தேய்த்து வைப்போம். அடுத்த நாள் பார்த்தால் சின்னச் சின்னதாக, வழவழப்பாக, ஒன்றும் விசேஷமில்லாத கூட்டம். நிறைய இடத்தில் இங்கேயே 'சூடோமோனாஸ் (ஒரு சாதாரணக் கிருமி), வெளியிலிருந்து கலந்தது' என்று எழுதி பிளேட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்தால்தான் அது தன் முகத்தைக் காட்டும். காய்ந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாகச் சுருங்கும். 1912 கட்டுரையில் அவர்கள் பார்த்து எழுதினது இதே சுருக்கத்தைத்தான். ஆஷ்டவுன் என்று ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் ஒரு லேப்காரர், ஜென்டாமைசினும் ஊதாச் சாயமும் கலந்து ஒரு அகார் செய்தார், 1979இல் எழுதினார். மற்றக் கிருமியெல்லாம் அதில் அடங்கிவிடும், இது மட்டும் ஊதா நிறத்தில் சுருங்கி வளரும். செல்வம் அண்ணன் பட்டியலில் அவரையும் சேருங்கள், எங்கள் ஆள்.

அந்த அகார் இல்லாத லேப் என்றாலும் கிருமிக்கொல்லி மருந்து தோய்த்த மூன்று டிஸ்க் போதும்: ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், ஆக்மென்டினுக்கு மட்டும் அடங்குகிற சூடோமோனாஸ் மாதிரி ஒன்று, ஆக்சிடேஸ் என்கிற லேப் சோதனையிலும் பாசிட்டிவ் என்றால், உடனே சந்தேகப்பட வேண்டும். பழைய ஆட்களுக்கு பிளேட்டைத் திறந்து மோந்து பார்க்கிற பழக்கம் உண்டு, இதற்கு ஈர மண் வாசனை வரும் என்பார்கள். தயவுசெய்து யாரும் மோந்து பார்க்காதீர்கள், மூச்சு வழியாகவும் தொற்றும்.

இப்போது லாபத்துக்கு வருகிறேன். உபோனில் 1989இல் ஒரு ஆய்வு முடிவு வந்தது. கடுமையான நோயாளிகளில் பழைய மருந்துகள் கொடுத்தவர்களில் 74 சதவீதம் பேர் செத்தார்கள், செஃப்டாசிடிம் என்ற மருந்து கொடுத்தவர்களில் 37 சதவீதம். பாதிக்குப் பாதி உயிர். ஆனால் மருந்து கொடுப்பதற்கு முன்னால் நோயின் பெயர் யாருக்காவது ஞாபகம் வர வேண்டும் இல்லையா? கிருஷ்ணசாமி 1917இல் இதே ஊரில் உட்கார்ந்து இந்த நோய் நிறைய இருக்கிறது என்று எழுதி வைத்தார். அதை இந்த ஊர் மெடிக்கல் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் உன் பாடத்தில் 'அபூர்வம்' என்ற வார்த்தையே வந்திருக்காது.

மூன்றாம் வருஷ மெடிக்கல்

அக்கா, இப்படி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பியாப்போன் ரவி

ஸ்டாண்டன், ஃபிளெட்சர் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். இவர்கள் இரண்டு பேரும் எனக்கு வேறு வழியில் தெரிந்தவர்கள், அரிசி வழியில். எங்கள் குடும்பம் தலைமுறையாக மில்லில்.

நூறு வருஷத்துக்கு முன்னால் மலேயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கில் கொன்றது. கால் வீங்கும், அல்லது மரத்துப்போகும், அப்புறம் இதயம் நிற்கும். சுரங்கத்தில் வேலை பார்த்த சீனர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். பக்கத்திலேயே தோட்டத்தில் வேலை பார்த்த நம் தமிழ்க் கூலிகளுக்கு அனேகமாக வரவே இல்லை. பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்தார்: சீனர்கள் சாப்பிட்டது மில்லில் தீட்டின வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். இதே ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் 1905, 1906இல் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பச்சரிசி, ஒரு பக்கம் புழுங்கல் என்று கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் செத்தார்கள். அந்த நோயாளிகளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அடுத்து ஃபிரேசரும் இதே ஸ்டாண்டனும் ஜாவாக் கூலிகளை வைத்து மறுபடி செய்து உறுதிப்படுத்தினார்கள்.

மில்காரனுக்கு இதன் சூட்சுமம் எளிதாகப் புரியும். நெல்லை ஊறப்போட்டு ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து, இப்போது பி1 என்கிறோமே, அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் முழுசாகப் போகாது. பச்சையாகக் குத்தித் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். ஆவி மில் வந்து அரிசியைப் பளபளவென்று ஆக்கின பிறகுதான் பெரிபெரி இந்த அளவுக்குத் தலைவிரித்து ஆடியது.

நோபல் யாருக்குப் போனது? 1929இல் ஐக்மனுக்கும் ஹாப்கின்ஸுக்கும். ஐக்மன் முதலில் அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது, அதைத் தவிடு முறிக்கிறது என்று நினைத்தார். விஷமெல்லாம் இல்லை, ஒரு சத்துதான் குறைகிறது என்று 1901இலேயே சரியாகச் சொன்னவர் அவருக்கு அப்புறம் வந்த கிரைன்ஸ். அவர் பெயர் பரிசில் இல்லை. புழுங்கல் சாப்பிட்ட தமிழன் பெயரும் இல்லை, நெல்லை அவிக்கிற வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த பொம்பளைகள் பெயர் சுத்தமாக இல்லை.

மூன்றாம் வருஷ மெடிக்கல்

ரவி அண்ணே, இங்கே மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழர்கள் புழுங்கல் சாப்பிட்டது பழக்கம், கெட்டுப்போகாது, கஞ்சிக்கு நன்றாக இருக்கும், அதற்காக. பெரிபெரி வராமல் இருப்பதற்காக யாரும் அவிக்கவில்லை. கவனித்தது பிராடன், சோதித்தது ஃபிளெட்சர். 'நாங்கள்தான் கண்டுபிடித்தோம்' என்று எழுதினால் வாட்ஸ்அப் பெருமைக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

பியாப்போன் ரவி

கண்டுபிடித்தோம் என்று நான் எங்கே தம்பி எழுதினேன்? மறுபடி படி. ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகள் ஒரு வகைச் சாப்பாட்டை விடாமல் சாப்பிட்டதால்தான் டாக்டர் பார்ப்பதற்கு ஒரு வித்தியாசம் கிடைத்தது. எல்லோரும் பச்சரிசி தின்றிருந்தால் பிராடன் எதை வைத்து எதை ஒப்பிட்டிருப்பார்? பெயர் கேட்கவில்லை, கதையில் ஒரு வரி கேட்கிறேன்.

தட்டோன் டீச்சர்

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விடுபட்டவர்களைத் தேடும்போது பொய்யாக ஏற்றிச் சொல்லாமல் இருப்பது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் நிஜமாக விடுபட்டவர்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் பங்குக்கு நம் மண்ணோடு சேர்ந்த ஒரு பெண். இங்கே காட்டில் கலோ மரம் இருக்கிறதே, அதன் கொட்டை எண்ணெய்தான் சால்மூக்ரா. காசி ராஜா ஒருவர் தொழுநோயோடு காட்டுக்குப் போய் அந்தப் பழத்தைத் தின்று குணமானார் என்று பர்மியக் கதை கூட உண்டு. நம் சித்த வைத்தியத்தில் நீரடிமுத்து எண்ணெய் என்பது இதன் தம்பி மரத்தினுடையது, அதுவும் இதே நோய்க்குத்தான். 1854இல் கல்கத்தாவிலிருந்து மௌவட் என்ற டாக்டர் எழுதின பிறகு வெள்ளைக்கார மருத்துவமும் இதை எடுத்துக்கொண்டது. ஆனால் குடித்தால் வாந்தி, ஊசி போட்டால் எண்ணெய் தோலுக்கடியில் கட்டிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாக நிற்கும்.

ஹவாயில் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண், வயது இருபத்துமூன்று, வேதியியல் ஆசிரியை. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து எத்தில் எஸ்டராக மாற்றினார், உடம்பு ஏற்கிற ஊசி மருந்து முதன்முதலாகக் கிடைத்தது. எழுதி வெளியிடுவதற்குள் 1916 டிசம்பர் 31இல் 24 வயதில் இறந்துபோனார். கல்லூரித் தலைவர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்து தன் கணக்கில் வெளியிட்டார், உலகம் 'டீன் முறை' என்றது. ஹால்மன் என்ற டாக்டர், அவர்தான் பாலை இந்த வேலையில் இறக்கியவர், 1922இல் இது பால் முறை என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2000இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு சால்மூக்ரா மரத்தடியில் அவர் பெயரைப் பொறித்தது.

மருந்து வேண்டும் என்று ஆனதும் விதை தேடி ஜோசப் ராக் என்ற தாவரவியலாளர் 1920இல் கிளம்பி சயாம், பர்மா, அசாம் என்று அலைந்து, நம் சின்ட்வின் ஆற்றுப் பக்கத்துக் காட்டில் மரத்தைப் பார்த்து விதை எடுத்துப் போனார். அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும், அமெரிக்கப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. காட்டுக்குள் வழி காட்டினவர்கள் பெயரைக் கேட்டால் பதில் கிடைக்காது.

லேப் மல்லிகா, யாங்கோன்

டீச்சர், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த ஊசியால் விடுதலையாகி வீட்டுக்குப் போனவர்களில் பலருக்கு நோய் திரும்ப வந்தது. நிஜமாக நோயை அடக்கியது 1940களில் வந்த சல்ஃபோன் மருந்துகள், முதலில் 1941இல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் புரோமின். டாப்சோனைத் தொழுநோயாளிகளுக்கு ஆரம்பத்திலேயே கொடுத்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம் செங்கல்பட்டு திருமணி, காக்ரேன் டாக்டர். ஆலிஸ் பால் செய்ததை இதனால் குறைக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் உலகத்திடம் இருந்த முக்கியமான மருந்து அதுதான்.

மோல்மேன் செல்வம்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் போர்க் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட தன்பியூசயாட் ரயில்பாதையைப் பற்றியும் யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். கைதியான வெள்ளைக்கார டாக்டர்கள் 1943 காலராவில் மூங்கிலையும் ஸ்டெதாஸ்கோப் குழாயையும் வைத்து உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், புத்தகம் புத்தகமாக வந்திருக்கிறது. மலேயாவிலிருந்து கொண்டுவந்த தமிழ்க் கூலிகள் அவர்களைவிட அதிகம் பேர் செத்தார்கள், பெரும்பாலான கூலி முகாம்களில் பேருக்குக் கூட டாக்டர் இல்லை. இங்கே தன்பியூசயாட்டில் நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு மூவாயிரத்துக்கு மேல் கல்லறை, புல் வெட்டிப் பளிச்சென்று இருக்கும். அதற்குத் தனி இழையே போட வேண்டும், பிறகு தொடங்குகிறேன்.

பகோ பாண்டியன்

மல்லிகா அக்கா, எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்று கேட்கிறேன். எங்கள் சித்தப்பாவுக்கு சர்க்கரை உண்டு, நடவு காலத்தில் வயலில்தான் இருப்பார். போன மழைக்கு அப்புறம் விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல், ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஒரு ஆஸ்பத்திரியில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், சளியில் கிருமி ஒரு தடவை கூட வரவில்லை, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். மாத்திரை முடியப்போகிறது, காய்ச்சல் நிற்கவில்லை, இப்போது தொடையில் ஒரு கட்டி வேறு.

லேப் மல்லிகா, யாங்கோன்

பாண்டியன், இங்கே எழுதி நோயைச் சொல்ல முடியாது, டிபியாகவே கூட இருக்கலாம். ஆனால் நீ சொன்னது அத்தனையும் சேர்ந்து வந்தால் இதையும் பார்த்தே ஆக வேண்டும். கட்டியைக் கீறினால் சீழைத் தூக்கிப் போடாமல் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லு, கூடவே ரத்தம், சிறுநீர், தொண்டைச் சளி, எல்லாமே. வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்துக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லு. அனுப்புகிற சீட்டில் 'மெலியாய்டோசிஸ் சந்தேகம்' என்று டாக்டரை எழுத வை. அதை எழுதாவிட்டால் பிளேட்டை இரண்டாம் நாளே எறிந்துவிடுவார்கள், எழுதினால் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பார்கள், லேப்பில் இருப்பவர்களும் ஜாக்கிரதையாகக் கையாளுவார்கள். டிபி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதே. இதுதான் என்று தெரிந்தால் குறைந்தது பத்துப் பதினாலு நாள் ஊசி, அப்புறம் மூன்று மாசம் மாத்திரை, நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். நாள் கடத்தாதே, நாளைக்கே போ.

மூன்றாம் வருஷ மெடிக்கல்

பாண்டியன் அண்ணே, யாங்கோனுக்குக் கூட்டி வந்தால் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள். ஓ.பி. சீட்டு எடுப்பதிலிருந்து ஸ்கேன் வரைக்கும் நான் கூட வருகிறேன்.